ஹாங்காங்கின் மலை, கடல், மண்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹாங்காங்கில் வீடு தேடுகிறவர்கள், மலையேறப் போகிறவர்கள், புவியியல் படிக்கும் மாணவர்கள் என்று பலரும் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். பெரும்பாலான விடைகள் மூன்று விஷயங்களில் வந்து நிற்கும்: அடியில் இருக்கும் பாறை எது, மழை எவ்வளவு வேகமாகப் பெய்கிறது, கடல் எவ்வளவு உயரம் ஏறுகிறது.

ஹாங்காங் ஒரு தீவுதானே?

தீவும் உண்டு. ஆனால் அது மொத்த நிலத்தில் ஏறக்குறைய பதினான்கில் ஒரு பங்குதான். ஹாங்காங் தீவு சுமார் 80 சதுர கி.மீ. அதற்கு எதிரே, சீனப் பெருநிலத்தோடு ஒட்டிய கவுலூன் தீபகற்பம். அதற்கு வடக்கே ஷென்ஜென் ஆறுவரை நியூ டெரிட்டரீஸ். இவற்றோடு 260க்கும் மேற்பட்ட தீவுகள். அவற்றில் மிகப் பெரியது விமான நிலையத்தை ஒட்டியிருக்கும் லான்டாவ். அது ஹாங்காங் தீவைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. எல்லாம் சேர்ந்து நிலப்பரப்பு சுமார் 1,114 சதுர கி.மீ.

75 லட்சம் பேர் நெருக்கியடித்து வாழும் ஊரில் இவ்வளவு காடு எப்படி மிஞ்சியது?

நிலம் செங்குத்தாக இருப்பதால். கட்டடங்களும் சாலைகளும் உள்ள பகுதி மொத்த நிலத்தில் கால்வாசிதான். மிச்சத்தில் பெரும்பகுதி மலைச்சரிவு. மிக உயர்ந்த சிகரமான டாய் மோ ஷான் 957 மீட்டர், லான்டாவ் சிகரம் 934, சன்செட் சிகரம் 869, மா ஓன் ஷான் 702, சுற்றுலாப் பயணிகள் போகும் விக்டோரியா பீக் 552, கவுலூனுக்கு மேலே தெரியும் லயன் ராக் 495 மீட்டர். உயரம் என்று பார்த்தால் இவை பெரிய எண்கள் அல்ல. ஆனால் கடல் மட்டத்திலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் இந்த உயரம் எழும்பிவிடுகிறது. அங்கேதான் சிக்கல்.

காடு தானாக மிஞ்சியதும் அல்ல. இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது இந்த மலைகள் விறகுக்காக வெட்டப்பட்டு ஏறக்குறைய மொட்டையாக இருந்தன. இன்று பச்சையாகத் தெரிவதில் பெரும்பகுதி அதன்பின் நட்டதும் தானே முளைத்ததும்தான். கிராமங்களுக்குப் பின்புறம் வழிவழியாகக் காத்துவந்த சிறு தோப்புகள் மட்டுமே பழைய காட்டின் எச்சம். 1976இல் வந்த ஊரகப் பூங்காச் சட்டம் மலைகளுக்கு அரண் ஆனது. இப்போது 25 ஊரகப் பூங்காக்களும் சிறப்புப் பகுதிகளுமாக நிலத்தில் சுமார் 40 விழுக்காடு காப்பில் இருக்கிறது. ‘இடமே இல்லை, பூங்காவை வெட்டலாம்’ என்ற பேச்சு அவ்வப்போது எழும். அந்தச் சரிவுகள் நீர்த்தேக்கங்களின் வடிநிலமும்கூட என்பதை அப்படிப் பேசுகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

அடியில் என்ன பாறை இருக்கிறது?

ஏறக்குறைய பாதி நிலம் எரிமலைப் பாறை. அதில் பெரும்பங்கு சாம்பல் இறுகி உருவான பாறை. மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம் கிரானைட். எஞ்சியது படிவுப் பாறையும் பிறவும். எரிமலைப் பாறையும் கிரானைட்டும் ஜுராசிக், கிரெட்டேசியக் காலங்களில், சுமார் 16 கோடி முதல் 14 கோடி ஆண்டுகளுக்கு முன், உருவானவை. மேலே வெடித்துக் கொட்டியது எரிமலைப் பாறை. அடியிலேயே தங்கி மெல்லக் குளிர்ந்தது கிரானைட்.

இரண்டும் சிதையும் விதம் வேறு. கிரானைட்டில் உள்ள ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் வெப்பத்திலும் ஈரத்திலும் வெண்களிமண்ணாக மாறிவிடும், குவார்ட்ஸ் என்ற கனிமம் மணலாக மிஞ்சும். அதனால் கிரானைட் மலையில் பாறைக்கு மேலே சிதைந்த மண் சில இடங்களில் 60 மீட்டர் ஆழம்வரைகூட இருக்கும். அதன் நடுவே சிதையாத உருண்டைப் பாறைகள் புதைந்து கிடக்கும். எரிமலைச் சாம்பல் பாறையின் மேல் மண் பெரும்பாலும் மெல்லியது. ஆகவே அது உயரமாக நிற்கிறது: டாய் மோ ஷான், லான்டாவ் சிகரம், விக்டோரியா பீக் மூன்றும் எரிமலைப் பாறை. லயன் ராக் விதிவிலக்கு, அது கிரானைட்.

கிரானைட் மண்ணின் மேலுள்ள செடிகொடி ஒருமுறை போய்விட்டால் மீள்வது கடினம். டுயன் முன் பக்கம் காசில் பீக்கைச் சுற்றி மண் அரித்து வரிவரியாக நிற்கும் வெற்றுக் குன்றுகளைப் பார்த்தால் இது புரியும்.

துறைமுகம் இவ்வளவு நன்றாக அமைந்தது எப்படி?

கவுலூனிலும் ஹாங்காங் தீவின் வடகரையிலும் கிரானைட் இருக்கிறது. அது சுற்றியிருந்த எரிமலைப் பாறையைவிட வேகமாகச் சிதைந்து, அரிபட்டுத் தாழ்ந்தது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே இருந்தது. துறைமுகம் இருக்கும் இடம் ஒரு பள்ளத்தாக்கு. பனி உருகிக் கடல் ஏறியபோது பள்ளத்தாக்குகள் மூழ்கின, முகடுகள் தீபகற்பங்களாகவும் தீவுகளாகவும் மிஞ்சின. கரையோரம் இவ்வளவு நெளிவாக இருப்பதற்குக் காரணம் அதுதான்.

விக்டோரியா துறைமுகத்தின் சராசரி ஆழம் சுமார் 12 மீட்டர். கிழக்கு வாயிலான லெய் யூ முன் குறுகலில் 43 மீட்டர். குறுகலான வாயில்களில் ஓதநீர் வேகமாகப் பாய்வதால் அடியில் சேறு தங்குவதில்லை.

சாய் குங்கில் உள்ள அறுகோணத் தூண்கள் பசால்ட்தானே?

இல்லை. உலகில் பெயர்பெற்ற தூண்பாறைகள் பெரும்பாலும் எரிமலைக் குழம்பு குளிர்ந்து உருவான கருநிற பசால்ட். இங்கே, கிழக்குக் கரையில் உள்ள சாய் குங்கில், இருப்பவை சிலிக்கா மிகுந்த எரிமலைச் சாம்பல் பாறை, அதனால் நிறமும் வெளிறியது. சுமார் 14 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரும் எரிமலை வெடித்துக் குழிந்தபோது தடித்த சாம்பல் படிவு சேர்ந்தது. அது ஒரே சீராகக் குளிர்ந்து சுருங்கியபோது பிளவுகள் அறுகோணமாக விழுந்தன. தூண்களின் சராசரி விட்டம் சுமார் 1.2 மீட்டர், சில இடங்களில் நூறு மீட்டர்வரை உயரம் உண்டு. 2011 முதல் இது யுனெஸ்கோவின் புவிப்பூங்கா வலையமைப்பில் இருக்கிறது.

நடந்தே போய்ப் பார்க்க ஹை ஐலண்ட் நீர்த்தேக்கத்தின் கிழக்கு அணை ஏற்ற இடம். அங்கே தூண்கள் வளைந்து நெளிந்திருப்பதையும், அவற்றை ஊடுருவி நிற்கும் கருநிறப் பாறைச் சுவரையும் கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கலாம். வடகிழக்கு மூலையில் இருக்கும் டுங் பிங் சாவ் தீவு முற்றிலும் வேறு: ஏடு ஏடாக அடுக்கிய படிவுப் பாறை, ஹாங்காங்கிலேயே வயதில் இளையது.

மழை பெய்தால் ஏன் உடனே நிலச்சரிவு பற்றிப் பேசுகிறார்கள்?

வறண்ட மாதங்களில் சரிவில் உள்ள மண்துகள்களுக்கு இடையே நீர் முழுவதும் நிரம்பியிருக்காது. அரைகுறை ஈரம் துகள்களை ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கும். அந்த உறிஞ்சு விசையால், கணக்குப்படி நிற்கக் கூடாத செங்குத்தான வெட்டுச் சரிவுகூட ஆண்டுக்கணக்கில் நிற்கும். கனமழை உள்ளே இறங்கியதும் அந்த விசை மறைந்துவிடும். மேல் மண் ஒன்றிரண்டு மீட்டர் கனத்துக்கு வழுக்கிக்கொண்டு வந்துவிடும். இதுதான் பெரும்பாலான நிலச்சரிவுகளின் கதை. எவ்வளவு நாள் பெய்தது என்பதைவிட அந்த ஒரு மணி நேரத்தில் எவ்வளவு கொட்டியது என்பதே இதில் முக்கியம். மணிக்கு 70 மி.மீ. தாண்டும்போது நிலச்சரிவுகள் சட்டென்று பெருகுகின்றன என்பது 1980களிலேயே கணித்துச் சொல்லப்பட்டது.

ஆழமான நிலச்சரிவுகளின் போக்கு வேறு. நிலத்தடி நீர் மெல்ல ஏறி, மழை விட்ட பிறகும் மண் நகரலாம். ‘மழை நின்றுவிட்டது, இனி பயமில்லை’ என்று சரிவின் அடியில் போய் நிற்பது தவறு.

இன்னொரு காரணம் மனிதர் செய்தது. 1970கள்வரை பல சரிவுகளை 10க்கு 6 என்ற கண்ணளவு விகிதத்தில், அதாவது 10 மீட்டர் உயரத்துக்கு 6 மீட்டர் உள்தள்ளலாக, மண் சோதனை எதுவும் இல்லாமல் வெட்டினார்கள். அது ஏறத்தாழ 60 பாகைச் சாய்வு. வெட்டிய மண்ணைப் பக்கத்துப் பள்ளத்தில் இறுக்காமல் கொட்டி மேடாக்கினார்கள். இறுக்காத மேட்டில் நீர் நிரம்பினால் அது குழம்பாகி ஓடும். ஓடும் வேகத்தில் தப்பிக்க நேரம் கிடைக்காது.

1972இல் என்ன நடந்தது?

ஜூன் 16 முதல் 18 வரை மூன்று நாளில் சுமார் 650 மி.மீ. மழை. 18ஆம் தேதி பிற்பகலில் கவுலூன் பக்கம் சாவ் மாவ் பிங்கில் கொட்டிவைத்த மண்மேடு சரிந்து 71 பேர் இறந்தார்கள். அன்றிரவே ஹாங்காங் தீவில் போ ஷான் சாலைக்கு அருகே மலைச்சரிவு பெயர்ந்து, 12 மாடிக் குடியிருப்பு ஒன்றைத் தகர்த்தது. அங்கே 67 பேர். 1976இல் சாவ் மாவ் பிங்கில் இன்னொரு மேடு சரிந்து 18 பேர். அதன் பிறகு, 1977இல், சரிவுகளைக் கண்காணிக்கத் தனி அரசு அலுவலகம் அமைத்தார்கள். இன்று அதன் பட்டியலில் மனிதர் உருவாக்கிய சரிவுகளும் தாங்குசுவர்களும் சுமார் 60,000. ஒரு நகரம் தன் மண்சாய்வுகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பெயரிட்டு வைத்திருப்பது மிகப் பெரிய வேலை. எத்தனையோ உயிர்கள் பிழைத்திருப்பது அதனால்தான்.

மண்மேடுகளுக்குச் செய்த வழக்கமான திருத்தம், மேலே மூன்று மீட்டர் மண்ணைத் தோண்டியெடுத்து, அடுக்கடுக்காகப் போட்டு, உச்ச உலர் அடர்த்தியில் (அந்த மண்ணை இறுக்கிப் பெறக்கூடிய மிகுந்த அடர்த்தி) 95 விழுக்காடு வரும்வரை இறுக்குவது. போ ஷான் பகுதியில் பின்னாளில் மலைக்குள் இரண்டு வடிகால் சுரங்கங்கள் வெட்டி நிலத்தடி நீரைத் தாழ்த்தியிருக்கிறார்கள்.

சரிவுகளின் அடியில் இருக்கும் சிறு எண் பலகை எதற்கு?

அது அந்தச் சரிவின் பதிவு எண். எடுத்துக்காட்டாக ‘11எஸ்டபிள்யூ-டி/சிஆர்203’ என்ற வடிவில் இருக்கும். சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பது வரைபடத் தாளின் எண். பின்னால் வரும் எழுத்துதான் கவனிக்க வேண்டியது: ‘சி’ வெட்டிய சரிவு, ‘எஃப்’ கொட்டிய மேடு, ‘ஆர்’ தாங்குசுவர். இரண்டு எழுத்து சேர்ந்து வந்தால் இரண்டும் சேர்ந்த அமைப்பு.

ஃப்ளாட் வாங்குமுன் இந்த எண்ணை எழுதிக்கொண்டு, நிலத்துறை இணையத்தில் வைத்திருக்கும் சரிவுப் பராமரிப்புப் பதிவில் தேடுங்கள். பராமரிப்பு அரசின் பொறுப்பா, அந்தக் கட்டடத்து உரிமையாளர்களின் பொறுப்பா என்று அதில் தெரியும். பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். வேலிக்கு வெளியே இருக்கும் சரிவு அரசுடையது என்று நினைப்பார்கள். அரசிடமிருந்து நிலத்தைப் பெற்ற குத்தகைப் பத்திரம் அதைக் குடியிருப்பின் தலையில் கட்டியிருக்கும். ஆபத்து என்று கண்டால் திருத்தும்படி ஆணை வரும், செலவை எல்லா வீட்டுக்காரர்களும் பங்கிட வேண்டும்.

சரிவு சரியாகப் பராமரிக்கப்படுகிறதா என்று நாமே பார்க்க முடியுமா?

ஓரளவு முடியும். ஆண்டுக்கு ஒருமுறை, ஏப்ரலில் மழை தொடங்குமுன், இவற்றைப் பாருங்கள். சரிவின் உச்சியிலும் படிகளிலும் ஓடும் வாய்க்கால்களில் இலையும் மண்ணும் அடைத்திருக்கிறதா? அடைத்தால் நீர் வழிந்து நேரே மண்ணுக்குள் இறங்கும். சிறு நிலச்சரிவுகளில் பல இதனால் வருபவை. தாங்குசுவரில் உள்ள கசிவுத் துளைகள் திறந்திருக்கின்றனவா? அவற்றில் தெளிந்த நீர் வந்தால் நல்லது, கலங்கல் வந்தால் உள்ளே மண் கரைகிறது. மேல்பூச்சில் புது வெடிப்பு, சுவரில் உப்பல், சரிவின் உச்சியில் நீளவாட்டில் விரிசல், மழையே இல்லாத நாளில் புதிதாகக் கசியும் ஈரம்: இவற்றில் ஒன்று இருந்தாலும் புவித்தொழில்நுட்பப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். கடைசியாகச் சொன்னதற்குப் பெரும்பாலும் புதைகுழாய்க் கசிவுதான் காரணம். வறண்ட மாதங்களில் யாரும் அதைக் கண்டுகொள்வதில்லை. மழையில் அதுவே சரிவைத் தள்ளிவிடும்.

பழைய சரிவுகளின் மேலே தெரியும் பழுப்புப் பூச்சு ‘சூனம்’: எடைக்கணக்கில் சிமெண்ட் ஒன்று, சுண்ணாம்பு மூன்று, சிதைந்த பாறைமண் இருபது பங்கு. மலிவானது, மழையையும் ஓரளவு தடுக்கும். ஆனால் வெயிலில் வெடித்துவிடும், வெடிப்பில் செடி முளைக்கும். இப்போது அதை உரித்துவிட்டு, சரிவில் துளையிட்டு எஃகுக் கம்பியைச் செலுத்தி, சிமெண்ட் கூழ் நிரப்பி, முகப்பில் வலை விரித்துப் புல் வளர்ப்பதே வழக்கம். துளைகளைச் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்த்து, ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் இடைவெளியில் போடுவார்கள். துளையில் கூழ் முழுவதும் நிரம்பாமல் வெற்றிடம் விட்டால் கம்பி மண்ணைப் பிடிக்காது, துருவும் பிடிக்கும்.

ஆண்டு மழை எவ்வளவு? எச்சரிக்கை நிறங்களுக்கு என்ன பொருள்?

நகரில் சராசரி ஆண்டுக்குச் சுமார் 2,400 மி.மீ. அதில் ஏறக்குறைய 80 விழுக்காடு மே முதல் செப்டம்பருக்குள் பெய்துவிடும். ஈரக்காற்று மலையில் மோதி மேலேறுவதால் டாய் மோ ஷான் பகுதியில் மழை இன்னும் அதிகம்.

மஞ்சள் என்றால் மணிக்கு 30 மி.மீ., சிவப்பு 50, கருப்பு 70. கருப்பு வந்தால் இருக்கும் இடத்திலேயே இருங்கள். நிலச்சரிவு எச்சரிக்கை இவற்றிலிருந்து தனியானது. மழை நிறம் இறங்கிய பிறகும் அது நீடிக்கலாம். 2023 செப்டம்பர் 7 இரவு 11 மணி முதல் நள்ளிரவுவரை ஒரே மணி நேரத்தில் 158.1 மி.மீ. பெய்தது. 1884இல் பதிவு தொடங்கியதிலிருந்து அதுவே உச்சம். வோங் டாய் சின் மெட்ரோ நிலையத்துக்குள் தண்ணீர் புகுந்தது அன்றுதான்.

மலைநீர் நகரத்துக்குள் இறங்குமுன்பே அதைத் திருப்பிவிடுவது இங்கே கையாளும் உத்தி. ஹாங்காங் தீவின் மேற்கு வடிகால் சுரங்கம் சுமார் 11 கி.மீ. நீளம், 2012இல் திறந்தது. நடுமலை ஓடைகளின் நீரை வாங்கி, கடைத்தெருக்களைத் தொடாமல் நேரே கடலில் விடுகிறது. சுரங்கம் போட இடமில்லாத இடங்களில் விளையாட்டுத் திடல்களுக்கு அடியில் தொட்டி. ஹேப்பி வேலியில் இருப்பது 60,000 கன மீட்டர் கொள்ளும்.

புயலின்போது கடல் எவ்வளவு உயரம் ஏறும்?

2018இல் மங்குட் புயலின்போது ஹாங்காங் தீவின் வடகரையில் உள்ள குவாரி பேயில் 3.88 மீட்டர்; டோலோ துறைமுகக் கரையில் உள்ள டாய் போ காவில் 4.71 மீட்டர். 1962இல் வாண்டா புயலுக்கு டாய் போ காவில் 5.03 மீட்டர் பதிவானது. ஒரே புயலில் டாய் போவில் இவ்வளவு கூடுதல் ஏன்? டோலோ துறைமுகம் நீண்டு குறுகிய பை போன்ற குடா. கிழக்குக் காற்று நீரை உள்ளே தள்ளிக்கொண்டே போகும், அந்தப் பக்கம் வெளியேற வழி இல்லை.

இந்த எண்களைப் படிக்கும்போது ஒரு எச்சரிக்கை. கடல் அளவுகள் கடல்வரைபடச் சுழிமட்டத்திலிருந்து (அளவு தொடங்கும் பூஜ்ய மட்டம்) கணக்கிடப்படுபவை. நில வரைபடத்தின் உயரங்கள் நிலச் சுழிமட்டத்திலிருந்து. இரண்டாவது முதலாவதைவிட 0.146 மீட்டர் மேலே இருக்கிறது. ஆகவே மங்குட்டின் 3.88 மீட்டர், நிலக் கணக்கில் சுமார் 3.73 மீட்டர். இன்னொன்று, சராசரிக் கடல்மட்டமே நிலச் சுழிமட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1.2 முதல் 1.3 மீட்டரில் இருக்கிறது. வரைபடத்தில் ‘4 மீட்டர்’ என்று போட்டிருக்கும் தெரு, சாதாரண நாளிலேயே கடலுக்கு மேல் மூன்று மீட்டர்கூட இல்லை. தரைத்தளக் கடை எடுப்பவர்கள் இந்தக் கழித்தலைக் கட்டாயம் போட்டுப் பார்க்க வேண்டும். அலை அடித்துத் தெறிக்கும் உயரம் இதில் சேராது.

கடலை மூடி எடுத்த நிலம் எவ்வளவு? அது உறுதியானதா?

மொத்த நிலத்தில் ஆறு ஏழு விழுக்காடு. ஆனால் மக்கள் குவிந்திருக்கும் சமதளத்தில் அதன் பங்கு மிகப் பெரியது. 1840களில் குயின்ஸ் ரோடுதான் கரை. இன்று அங்கிருந்து படகுத்துறைக்கு அரை கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். வான் சாயில் ஜான்ஸ்டன் ரோட்டில் டிராம் வளைந்து போவது பழைய கரையை ஒட்டித்தான். துறைமுகத்தைக் காக்கும் சட்டம் 1997இல் வந்தது. அதன்பின் விக்டோரியா துறைமுகத்தைப் பெரிய அளவில் மூடுவதற்குத் தவிர்க்கவே முடியாத பொதுத்தேவையை நிறுவியாக வேண்டும்.

உறுதி என்பது அடியில் உள்ள கடற்சேற்றை என்ன செய்தார்கள் என்பதைப் பொறுத்தது. செக் லாப் கொக் விமான நிலையத்துக்கு (1998) இரண்டு தீவுகளைத் தட்டையாக்கி, சேற்றைத் தோண்டியெடுத்துவிட்டு நிரப்பினார்கள். மூன்றாம் ஓடுபாதைக்குச் சுமார் 650 ஹெக்டேர் தேவைப்பட்டபோது சேற்றைத் தோண்டியெடுக்காமல், அதற்குள்ளேயே சிமெண்ட்டைக் கலந்து தூண்களாக இறுக்கினார்கள். சேற்றை அப்படியே விட்டு மேலே நிரப்பினால், நீர் பிதுங்கிப் பிதுங்கி நிலம் பல ஆண்டு தாழும். பாறைவரை தூண் இறக்கிய கட்டடம் அசையாது, அதன் வாசல் நடைபாதை தாழ்ந்துபோகும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் படிக்கட்டு விலகியிருப்பதும் குழாய் உடைவதும் அதனால்தான். கட்டடம் சாய்வதாக அர்த்தமில்லை.

இவ்வளவு மழை பெய்தும் தண்ணீரை ஏன் வெளியிலிருந்து வாங்குகிறார்கள்?

பெரிய ஆறு இல்லை, இயற்கை ஏரி இல்லை, பாறையில் நீர் தேங்கும் இடமும் குறைவு. பெய்த மழை செங்குத்தாக இறங்கிக் கடலுக்குப் போய்விடும். 1963-64 வறட்சியில் நான்கு நாளைக்கு ஒருமுறை நான்கு மணி நேரம்தான் குழாயில் நீர் வந்தது. 1965 முதல் குவாங்டொங்கின் டொங்ஜியாங் ஆற்று நீர் வருகிறது. இப்போது நன்னீரில் முக்கால் பங்கு அளவுக்கு அதுதான்.

உள்ளூரில் இடம் இல்லாததால் கடலிலேயே நீர்த்தேக்கம் கட்டினார்கள். ப்ளோவர் கோவ் குடாவின் வாயை ஏறக்குறைய இரண்டு கி.மீ. அணையால் அடைத்து, உப்புநீரை இறைத்துவிட்டு 1968இல் நன்னீர் நிரப்பினார்கள். ஹை ஐலண்ட் 1978இல் வந்தது, கொள்ளளவு சுமார் 28 கோடி கன மீட்டர். மலைச்சரிவுகளில் உயரக்கோட்டை ஒட்டி ஓடும் கான்கிரீட் வாய்க்கால்கள் இவற்றுக்கு நீர் சேர்ப்பவை. கழிப்பறைக்கு மக்கள்தொகையில் 80 விழுக்காட்டுக்கு மேல் கடல்நீரையே தருகிறார்கள். அதற்குத் தனிக் குழாய்த்தொடர் வேண்டும், உப்பு இரும்பைத் தின்னும். ஆனாலும் நன்னீரை மிச்சப்படுத்த இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை என்பதே எங்கள் கருத்து.

கிழக்குக் கடல் நீலமாகவும் மேற்குக் கடல் கலங்கலாகவும் இருப்பது மாசினாலா?

பெரும்பாலும் இல்லை. மேற்கே முத்து ஆற்றின் கழிமுகம். அதன் வண்டலும் நன்னீரும் கலப்பதால் நீர் உவர்ப்புக் குறைந்து கலங்கியிருக்கும். சீன வெண்ஓங்கில்கள் (டால்பின்கள்) வாழ்வது அங்கேதான். மாய் போ சதுப்பும் அலையாத்திக் காடும் (1995 முதல் ராம்சார் என்ற பன்னாட்டு ஈரநில ஒப்பந்தப் பகுதி) அந்த வண்டல் கொடுத்தவை. கிழக்கே திறந்த கடலின் உப்புநீர். அதனால் சாய் குங் பக்கம் பவளம் வளர்கிறது.

நிலநடுக்கம் வருமா?

அதிர்வு அரிதாக உணரப்படும். வடகிழக்கு-தென்மேற்காக ஓடும் பழைய முறிவுகள் பள்ளத்தாக்குகளின் திசையைத் தீர்மானித்திருக்கின்றன. 1918இல் ஷான்டோ அருகே வந்த பெரிய நிலநடுக்கம் இங்கேயும் சிறு சேதம் விளைவித்தது.

மலையேற எந்த மாதம் நல்லது? எதில் கவனம் வேண்டும்?

நவம்பர் முதல் பிப்ரவரிவரை. 100 கி.மீ. நீளமுள்ள மக்லஹோஸ் பாதை 1979இல் திறந்தது. அதைப் பத்துப் பகுதிகளாகப் பிரித்திருப்பதால் ஒரு நாளுக்கு ஒரு பகுதி போதும். கோடையில் வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்து ஆளைச் சாய்த்துவிடும். முகடுகளில் நிழல் கிடையாது. சிதைந்த கிரானைட் பாதையில் மேலே மணல் உருண்டைகள் கிடக்கும், காய்ந்திருக்கும்போதே வழுக்கும். இறங்கும்போது எட்டி வைக்காமல் சிறு அடியாக வையுங்கள். ஓடையோரம் போகிறவர்கள், தங்கள் தலைக்கு மேல் வானம் தெளிவாக இருந்தாலும், மேலே முகட்டில் மழை தெரிந்தால் உடனே கரையேற வேண்டும். நீர் சில நிமிடங்களில் வந்துவிடும்.

குளிரையும் லேசாக எடுக்க வேண்டாம். 2016 ஜனவரி 24 அன்று நகரில் 3.1 பாகை இருந்தபோது டாய் மோ ஷானில் மைனஸ் 6. உறைந்த பாதையில் பலர் மாட்டிக்கொண்டார்கள். நெடும்பாதைகளில் 500 மீட்டருக்கு ஒரு தூரக்கல் உண்டு, அதில் எண்ணும் இருக்கும். கடைசியாகக் கடந்த கல்லின் எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அவசர எண்ணான 999ஐ அழைக்க நேர்ந்தால் மீட்புக் குழு முதலில் கேட்பது அதைத்தான்.